சல்லிக் கரைக்கு வந்த கண்டக் கிண்ணம்

பங்குனி பிறந்து நாலாம் நாள் காலை, தோணியும் வலையுமாகச் சல்லிக் கடற்கரைக்குப் போன யோகலிங்கம், தன்னுடைய கரைத்துண்டில் ஒரு பலகை நிற்கக் கண்டார். பலகைக்குப் பின்னால் முள்ளுக்கம்பி, முள்ளுக்கம்பிக்குப் பின்னால் ஒரு கதிரை, கதிரையில் ஒரு காவலாளி. காவலாளிக்குப் பின்னால் கடல் வழக்கம்போலக் கிடந்தது. அதை மட்டும் இன்னும் யாரும் கம்பி போட்டு அடைக்கவில்லை.

பலகையில் எழுதியிருந்தது இதுதான்: ‘ஆண்கள் தேசிய அணிகளுக்கான கண்டக் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டி. வாகனத் தரிப்பிடம். போட்டி நிறைவடைந்ததாகப் பிரதம விருந்தினர் பிரகடனம் செய்யும் கணம் வரை இக்கரை ஏற்பாட்டுக் குழுவுக்கு உரியது. அத்துமீறுவோர் கண்டத் தரத்தில் தண்டிக்கப்படுவர்.’

யோகலிங்கம் இரண்டு முறை வாசித்தார். அவர் கரைவலைச் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இருபத்திரண்டு பேர் இழுக்கிற தொழில். அதற்குப் பதிவோடு கிடைத்த கரைத்துண்டுதான் பாடு. கிழக்குக் கரையில் கடல் அமைதியாகக் கிடப்பது பங்குனியில் இருந்து புரட்டாதி வரைதான். ஐப்பசியில் வாடைக்காற்று வந்துவிட்டால் வலையைச் சுருட்டிவைக்க வேண்டியதுதான். அந்த ஏழு மாதத்தில்தான் இருபத்திரண்டு வீட்டு அடுப்பும் அடுத்த ஐந்து மாதத்துக்குத் தேடிக்கொள்ள வேண்டும்.

“தம்பி, இது கரைவலைப் பாடு. இஞ்ச மீன்தான் வரும், கார் வராது,” என்றார்.

“கார் வருதோ இல்லையோ, தரிப்பிடம் இருக்கோணும் ஐயா. கண்டத்து விதி அப்பிடி,” என்றார் காவலாளி. “எனக்கும் அதுக்கு மேல கதைக்க ஏலாது. நானும் பலகையைத்தான் வாசிச்சனான்.”

நகரத்தில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் ஏற்பாட்டுக் குழுவின் காரியாலயம் இருந்தது. யோகலிங்கம் அங்கே போனபோது செயலாளர் இராகுலன் மிகவும் மரியாதையாகக் கதிரை தந்தார். அவர் கழுத்தில் ஐந்து அடையாள அட்டைகள் தொங்கின. ஒன்று அரங்குக்குள் போக, ஒன்று வெளியே வர. மற்ற மூன்றும் எதற்கென்று அவருக்கே தெரியாது.

“போட்டி நடத்திறதெண்டால் முந்நூறு வாகனம் நிக்கிற இடம் வேணும் ஐயா. நகரத்தில இடமில்லை. உங்கட கரை அரங்கிலயிருந்து எட்டுக் கிலோமீற்றர். விதியில தூரம் எழுதேல்லை,” என்றார் இராகுலன்.

“அப்ப காரை எங்கட கரையில விட்டிட்டுச் சனம் எப்பிடி அரங்குக்கு வாறது?”

“இன்னொரு வாகனத்தில.”

“அந்த வாகனத்தை எங்க விடுறது?”

இராகுலனின் முகம் மலர்ந்துபோயிற்று. “நல்ல கேள்வி கேட்டிருக்கிறீங்கள்,” என்று சொல்லிக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை அதற்கென்று ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. யோகலிங்கம் கேட்ட கேள்வியால் அவருக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

போட்டி சித்திரைக் கடைசியில் என்றார்கள். சரி, இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம் என்று யோகலிங்கம் நினைத்தார். சித்திரைக் கடைசியில் அரங்கத்துக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் வாழை கட்டி, குத்துவிளக்கு வைத்து, பாடசாலைப் பிள்ளைகள் பட்டுப்பாவாடையில் வெயர்த்து ஒழுக நிற்கிறார்கள். போட்டி வைகாசிக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. அதற்கான ஒத்திவைப்பு விழாதான் அது.

குழுத் தலைவர் பாக்கியரத்தினம் உரையாற்றினார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சப்பாத்து, நெஞ்சில் தட்டு அளவுக்கு ஒரு சின்னம்.

“அன்பான பெருமக்களே! என்னைச் சிலர் கேட்கிறார்கள், உங்களுக்குக் கூடைப்பந்து தெரியுமா என்று. நான் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன், தெரியாது. ஒரு போட்டியைக்கூட நான் கண்டதில்லை. ஆகவேதான் எனக்கு இந்த விளையாட்டில் எந்தப் பக்கச்சார்பும் கிடையாது! இதற்கு முன்பு நான் தலைமை தாங்கிய ஆறு குழுக்களிலும் இதே நடுநிலைமையைத்தான் கடைப்பிடித்தேன். அனுபவமின்மையில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு. நண்பர்களே, போட்டியை எவரும் நடத்தலாம். அதை இவ்வளவு ஒழுங்காக ஒத்திவைக்க இந்தக் கண்டத்தில் எங்களைத் தவிர வேறு யாரால் முடியும்?”

கைதட்டல் எழுந்தது. அந்த நேரம் பார்த்து நகரத்துத் தெருக்களில் திரிகிற மான்களில் இரண்டு வாசலால் நுழைந்து, கட்டியிருந்த வாழைக்குருத்தைச் சாவகாசமாகத் தின்றன. போட்டியின் இலட்சினையும் மான்தான் என்பதால் அவற்றை விரட்டலாமா என்று கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள்.

வைகாசியில் போட்டி ஆனிக்குப் போனது, வரவேற்புப் பாட்டுக்கு மெட்டு சரிவரவில்லை. ஆனியில் ஆடிக்குப் போனது, பிரதம விருந்தினருக்கு நாள் தோதுப்படவில்லை. ஒவ்வொரு முறையும் விளக்கு ஏற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் யோகலிங்கம் போய்ப் பின்வரிசையில் நின்றார். கடலிலோ கீரிமீன் கூட்டங் கூட்டமாகக் கரைக்கு வந்து, ஆளில்லாததைப் பார்த்துத் திரும்பிப் போனது. கம்பிக்கு வெளியே நின்று அதைப் பார்த்த அவர் பலகையைத் திட்டித் தீர்த்தார்.

கிண்ணியாவில் இருந்து ஐஸ் லொறியோடு வந்து அவரிடம் மீன் எடுக்கிற இன்ஷாப்தான் ஆறுதல் சொன்னார்.

“யோகண்ணன், கோவிச்சு என்னத்தைக் காண? போட்டி முடிஞ்சாக் கரை உங்களுக்கு. பலகையிலயே எழுதியிரிக்கி. முடியட்டும் எண்டு துஆக் கேளுங்க.”

“முடியிறதுக்கு முதல்ல தொடங்கோணுமே இன்ஷாப்!”

ஆனி நடுவில் தலைவர் பாக்கியரத்தினம் தரிப்பிடத்தைப் பரிசோதிக்க ஜீப்பில் வந்தார். கம்பிக்குள் நுழைந்து பத்து யார் தூரம் போனதும் ஜீப் அச்சுவரை மணலில் புதைந்தது. முந்நூறு வாகனம் நிற்க வேண்டிய இடத்தில் முதல் வாகனத்தின் கதி அது. யோகலிங்கத்தின் ஆட்களைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு பேரும் கரைவலைக் கயிற்றைக் கட்டி, ‘ஓ’ வென்று குரல் கொடுத்து இழுத்தார்கள். அந்த வருடம் அந்தப் பாட்டில் முதலில் இழுபட்டது தலைவரின் ஜீப்தான்.

வெளியே வந்ததும் தலைவர் புத்தகத்தில் எழுதினார்: ‘மண் மிகவும் உறுதியானது. பிடித்த வாகனத்தை விடவில்லை.’

அன்றைக்குச் சிவரூபி புருசனைப் பிடிபிடியென்று பிடித்தாள். “இஞ்சேருங்கோ, இருபத்திரண்டு வீட்டுச் சனமும் என்ர வாசலில வந்து நிக்குதுகள். நீங்கள் என்னெண்டால் அவங்கட விளக்கு எரியிறதைப் பாக்கப் போறீங்கள். நாளைக்குப் போய் அந்தக் கந்தோர் வாங்கிலில இருங்கோ. ஒரு பதில் கிடைக்கிற மட்டும் எழும்பக்கூடாது!”

யோகலிங்கம் காரியாலயத்து வாங்கில் போய் இருந்தார். நான்கு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் செயலாளர் இராகுலன் பதைபதைப்போடு ஓடிவந்து அவரைப் பார்த்து நின்றார்.

“ஐயா, நீங்கள் வலைக்காரர்தானே?”

“ஓம்.”

“கூடை வளையத்துக்குப் பூட்டுற இரண்டு வலையும் வெளிநாட்டிலயிருந்து வந்து எங்கயோ ஒரு களஞ்சியத்தில சிக்கிப்போச்சு. இன்னும் ஒரு மாசத்தில போட்டி. நீங்கள் ரெண்டு வலை முடிஞ்சு தந்தால் உங்கட கரைக் கோவையைத் தலைவரிட மேசையில நானே கொண்டுபோய் வைப்பன்.”

யோகலிங்கம் கூடைப்பந்து வலையைக் கண்டவரில்லை. சல்லிப் பள்ளிக்கூட முற்றத்தில் ஓர் இரும்பு வளையம் உண்டு, அதில் வலை இருந்ததாக ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. இராகுலன் தந்த தாளில் அளவு இருந்தது. மேல்வாய் ஒன்றரை அடி, நீளமும் ஒன்றரை அடி, பன்னிரண்டு கண்ணியில் மாட்ட வேண்டும், நிறம் வெள்ளை. ‘பந்து இதனுள் விழுதல் வேண்டும்’ என்று கீழே ஒரு வரி.

“விழுந்த பிறகு பந்து எங்க போகும் தம்பி?” என்று யோகலிங்கம் கேட்டார்.

இராகுலன் யோசித்தார். அவரும் காணாதவர்தான். “அது தொழில்நுட்பக் குழுவின்ர விசயம். எழுத்தில தாங்கோ, பதில் எடுத்துத் தாறன்.”

யோகலிங்கம் எழுதிக் கொடுத்தார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை, நாளும் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவர் தனக்குத் தெரிந்தபடி முடிந்தார். கரைவலையில் எல்லா மீனும் கடைசியாக வந்து சேருகிற பை ஒன்று உண்டு, அதை மடி என்பார்கள். மடியை எப்படி முடிவாரோ அப்படியே, வெள்ளை நைலோன் நூலில், சின்னக் கண்ணாக, அடியை இறுக்கி மூடி, மூன்று முடிச்சுப் போட்டு முடித்தார். உள்ளே விழுந்தது வெளியே போகிற மாதிரி வலை முடிய அவருடைய கை அறியாது. அப்படி ஒருவன் முடிந்தால் சல்லியில் அவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள்.

மூவர் கொண்ட தரப் பரிசோதனைக் குழு வலையைப் பரீட்சித்தது. ஒருவர் அடிமட்டத்தால் அளந்தார். இன்னொருவர் நிறத்தை ஒரு வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டார். மூன்றாமவர் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அடியைக் குத்திப் பார்த்து, திருப்தியோடு சான்றிதழ் எழுதினார்: ‘கசிவு எதுவும் இல்லை. கண்டத் தரம்.’ அதன்பிறகு வலை இரண்டையும் வளையங்களில் பூட்டி, நீலப் பட்டுத் துணியால் மூடிக் கட்டினார்கள். பிரதம விருந்தினர் வந்து திரைநீக்கம் செய்யும்வரை அதை யாரும் பார்க்கக்கூடாது என்பது மரபாம். மரபு அந்தக் கிழமைதான் உண்டாகியிருந்தது.

ஆடி மாதம் இருபதாம் திகதி போட்டி தொடங்கிற்று. எட்டு நாட்டு அணிகள். நாடுகளின் பெயரைச் சொன்னால் தூதரகங்கள் கோபிக்கும், ஆகையால் சட்டையின் நிறத்தோடு நிற்போம். ஒவ்வொரு வீரனும் நிலாவெளித் தென்னையில் பாதி உயரம். யோகலிங்கத்துக்கும் அழைப்பு இருந்தது, ‘உள்ளூர் அனுசரணையாளர் – நின்று பார்ப்போர்’ என்ற பகுதியில்.

இரண்டு மணிக்கு விளக்கேற்றல். பிறகு வரவேற்பு நடனம். பிறகு வரவேற்புரை, அதற்கு நன்றியுரை, நன்றியுரைக்கு ஏற்புரை. வீரர்கள் உடம்பைச் சூடேற்றிப் பந்தெறிந்து பழக ஒதுக்கியிருந்த அரைமணி நேரத்தையும் தலைவரின் உரையே எடுத்துக்கொண்டது. “இந்த வீரர்கள் உயரமானவர்கள். ஆனால் எங்கள் குழுவின் நோக்கம் அதனிலும் உயரமானது,” என்று அவர் முடித்தபோது, பச்சைச் சட்டை அணியில் இருவர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரையாகியிருந்தார்கள். பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீனன்குடாவில் அவருக்காக நாலு மணி விமானம் காத்திருந்தது.

மூன்று இருபத்தைந்துக்குப் பட்டுத்துணி விலக்கப்பட்டது. வெள்ளைச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் முதல் ஆட்டம். நடுவர் ஊதினார். பந்து மேலே போனது, வெள்ளைச் சட்டை நெட்டையன் ஒருவன் தட்டிப் பறித்தான், நாலு எட்டில் ஓடினான், துள்ளி வளையத்துக்குள் போட்டான்.

பந்து உள்ளே போனது. போனது போனதுதான்.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மடியில் விழுந்த பெரிய பாரைமீன்போலப் பந்து வலைக்குள் ஒருதரம் ஆடி, ஓய்ந்து, அப்படியே தொங்கியது. பச்சைச் சட்டைக்காரன் துள்ளி அடியில் தட்டினான். வரவில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் வலையைப் பிடித்துத் தொங்கிக் குலுக்கினான். வளையம் வளைந்தது, முடிச்சு அசையவில்லை. யோகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயோ, இது திரும்ப வெளியே வரவேண்டிய சாமானா! எட்டு நாட்டுக்கு முன்னால் தன்னைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள், கரையும் போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று வாசலைப் பார்த்தார். வாசலில் மான் நின்றது.

வெளிநாட்டு நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பந்து கூடைக்குள் போய் அங்கேயே தங்கினாலும் புள்ளிதான் என்று அதில் இருந்தது. இரண்டு புள்ளி என்று விரலால் காட்டிவிட்டு, மாற்றுப் பந்து கேட்டார். மாற்றுப் பந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் திறப்பு பந்து உபகுழுவின் தலைவரிடம் இருந்தது. உபகுழுவின் தலைவர் கந்தளாயில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்.

பிரதம விருந்தினர் பாக்கியரத்தினத்தின் காதில் குனிந்தார். “என்ன, முடிஞ்சுதோ?”

பாக்கியரத்தினம் வலையைப் பார்த்தார். பந்து அசையாமல் கிடந்தது. ஆட்களும் ஓடுவதை நிறுத்தியிருந்தார்கள். முப்பது வருட அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது.

“ஓம் சேர். பிடிபட்டிட்டுது.”

பிரதம விருந்தினர் சட்டென்று எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். “இவ்வளவு குறுகிய நேரத்தில், எவருக்கும் காயமின்றி, இத்தனை சிக்கனமாக நடந்த ஒரு கண்டப் போட்டியை நான் கண்டதில்லை. நாடுகளுக்கிடையில் பந்தைப் பறித்துக்கொண்டு அலையாமல், அதை ஓரிடத்தில் நிம்மதியாக வைத்திருப்பதே உண்மையான சமாதானம். இத்துடன் ஆண்கள் தேசிய அணிகளுக்கான கண்டக் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டி நிறைவடைந்ததாக மகிழ்ச்சியுடன் பிரகடனம் செய்கிறேன்!”

கிண்ணம் வெள்ளைச் சட்டைத் தலைவனின் கையில் திணிக்கப்பட்டது. அவன் அதைப் பச்சைச் சட்டைத் தலைவனிடம் காட்டி ஏதோ கேட்டான். இன்னும் ஒரு பந்தும் தொடாத ஆறு அணிகளின் முகாமையாளர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அவர்கள் நன்றி சொல்வதாக மொழிபெயர்ப்பாளர் அறிவித்தார். பிரதம விருந்தினர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்பதை அவரிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதற்கென்று ஓர் உபகுழுவும் இருக்கவில்லை. பிரதம விருந்தினரின் விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது.

‘நிறைவடைந்தது’ என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் யோகலிங்கத்துக்குக் கரையில் நிற்கும் பலகை நினைவுக்கு வந்தது. வெளியே ஓடி, இன்ஷாப்பின் லொறியில் ஏறினார்.

“என்ன அண்ணன், ஆட்டம் தொடங்கிட்டா?” என்று இன்ஷாப் கேட்டார்.

“முடிஞ்சுது. விடு வண்டியை, சல்லிக்கு!”

காவலாளி பலகையின் கடைசி வரிகளை ஒருதரம் தானே வாசித்துப் பார்த்தார். செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தார். இராகுலன் கோவையைத் திறந்து பார்த்துவிட்டு, “பிரகடனம் செய்யும் கணம் வரை எண்டுதான் கிடக்கு. கணம் போயிட்டுது,” என்றார். அவர் குரலில் பெருமூச்சோடு கொஞ்சம் சிரிப்பும் இருந்ததாக இன்ஷாப் பின்னாளில் சொல்லித் திரிந்தார்.

மறுநாள் விடிந்ததும் வலை கடலில் இறங்கியது. எட்டு மணிக்குக் கயிறு இழுக்கும்போது கரையில் ஒரு புதினம். வெள்ளையும் பச்சையுமாகப் பத்துப் பதினைந்து நெட்டையர்கள் நிலாவெளி ஹோட்டலில் இருந்து கரைவழியே நடந்து வந்தார்கள். போட்டி முதல்நாளே முடிந்துவிட்டது, அவர்களுடைய விமானமோ பத்து நாள் கழித்து. சும்மா நின்று பார்த்தவர்களில் ஒருவன் கயிற்றைப் பிடித்தான், பிறகு எல்லோரும் பிடித்தார்கள். விளையாட வந்த பிள்ளைகள் பாவம், எதையாவது செய்யட்டும் என்று யோகலிங்கம் விட்டுவிட்டார். சிவரூபி அவர்களுக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அண்ணாந்து கொடுத்ததில் அவளுக்குக் கழுத்து நொந்துபோயிற்று.

மடி கரையை அண்டும் நேரம் தலைவர் பாக்கியரத்தினத்தின் ஜீப் வந்தது. அதன் பின்னால் புதுப் பலகை ஒன்று கிடந்தது: ‘அடுத்த கண்டச் சாம்பியன் போட்டிக்கான நிரந்தர ஆயத்தக் கரை.’ ஜீப் மணலில் இறங்கிற்று. பத்து யார் போயிற்று. மண் தன் உறுதியை மறுபடியும் காட்டியது.

“யோகலிங்கம்! உம்மட ஆக்களைக் கொஞ்சம் கூப்பிடும்!” என்று தலைவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார்.

இருபத்திரண்டு பேரும் ஒரு கண்டத்தின் இரண்டு தேசிய அணிகளும் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள்.

“கயிறு வேலையா இருக்கு சேர்,” என்றார் யோகலிங்கம். “எழுத்தில தாங்கோ. பரிசீலிச்சுச் சொல்லுறன்.”

தலைவர் சிரிப்பாரா என்று பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம். சட்டைப்பையைத் துழாவி, அகப்பட்ட ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் விண்ணப்பம் எழுதி, கையொப்பமிட்டு, சாரதியிடம் கொடுத்தனுப்பினார்.

யோகலிங்கம் அதை வாங்கித் திருப்பினார். முன்பக்கத்தில் அவருடைய பெயர்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் அவர் எழுதிக் கேட்டதற்குத் தொழில்நுட்பக் குழு கொடுத்த பதில் அது: ‘தங்கள் வினா தொடர்பாக. உள்ளே விழும் பந்து கீழே போய்விடுதல் வேண்டும். ஆகவே வலையின் அடிப்பக்கம் திறந்திருத்தல் அவசியம்.’

அவர் அதைச் சத்தமாக வாசித்தார். அந்த நேரம் மடி கரையேறியது. உள்ளே கீரியும் பாரையும் வெள்ளியாய்த் துள்ளின. நெட்டையர்கள் கூச்சலிட்டார்கள். சிவரூபி மடியின் அடி முடிச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அடி திறந்த வலையாம்! அஞ்சு மாசமா அதைத்தானே இவங்கள் வைச்சு இழுக்கிறவங்கள்,” என்றாள்.

யோகலிங்கம் கடிதத்தை நாலாக மடித்து இடுப்பு மடியில் செருகிக்கொண்டு மீன் பிரிக்க உட்கார்ந்தார். வெயில் ஏறியது. ஜீப்புக்குள் இருந்து தலைவர் இரண்டு முறை ஆள் அனுப்பினார்.

“பரிசீலனையில இருக்கு எண்டு சொல்லு,” என்றார் யோகலிங்கம்.